மாட்டுங்கா என்று மட்டும் சொன்னேன்

எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இதில் நான் யார் மேலாவது எரிந்து விழுகிற இடம் வந்தால், அந்த நேரத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தேன். கார்டில் ஓட்டை போடும் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு புரோகிராம் எழுதும் மேசைக்கு மாற்றப்பட்டேன். கம்ப்யூட்டர் எங்களுடையது அல்ல. வேறொரு பெரிய ஆபீசில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த நேரம். நாங்கள் தாளில் எழுதிக் கொடுப்போம், கார்டாக மாறும், அது அங்கே போய் ஓடி, அச்சடித்த காகிதமாகத் திரும்பி வரும். மேசையில் நாங்கள் இரண்டு பெண்கள், எங்களுக்கு மேலே ஒரு மராத்திக்கார சூப்பர்வைசர். மற்றவள் என் தோழி, மாட்டுங்காக்காரி. அவள் அப்பாவும் தாத்தாவும் பம்பாயிலேயே ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர்கள். நல்ல பெண். அவளை இப்போது குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

எங்களுக்கு வந்த வேலை இதுதான். கம்பெனியில் மெஷின் வாங்கியவர்கள் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை மெக்கானிக் போய் எண்ணெய் போட்டு, பழுது பார்த்துவிட்டு வருவார். யார் வீடு எங்கே என்பது அந்தந்த ஏரியா மெக்கானிக்கின் மண்டைக்குள் இருந்தது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ரிடையர் ஆனார்கள். மண்டையும் கூடவே போனது. எனவே இனி வாடிக்கையாளர்களின் விலாசத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏரியா வாரியாகச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது, எந்த மெக்கானிக் வேண்டுமானாலும் அதை வைத்துக்கொண்டு போகலாம் என்று மேலே முடிவு செய்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விற்பனைக்காரர்கள் வாடிக்கையாளர் கார்டில் எழுதி வைத்த விலாசங்களைப் பார்த்தபோது எங்களுக்குத் தலை சுற்றியது. விலாசத்துக்கு என்று ஒரு கட்டம், அதற்குள் அவரவர் இஷ்டம். வீட்டு நம்பர், ரோடு, ஏரியா என்று ஒழுங்காக எழுதியவர்கள் உண்டு. "பெரிய பைப்புக்குப் பக்கத்தில், கேட்டால் சொல்வார்கள்" என்று எழுதியவர்களும் உண்டு. "சென்ற முறை வந்த அதே வீடு" என்று ஒருவன். "மெக்கானிக்குக்குத் தெரியும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போன ஒரு மகராசன். இதிலிருந்து நம்பரைப் பிரித்து அதற்கான இடத்தில், ரோட்டைப் பிரித்து அதற்கான இடத்தில், ஏரியாவை இரண்டு இலக்க எண்ணாக மாற்றிக் கடைசியில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் மெஷினுக்குக் கண் கிடையாது, யாரையும் நிறுத்தி வழி கேட்கவும் தெரியாது. எழுத்து எழுத்தாக இடமிருந்து வலமாகப் போகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் தோழி அந்தக் கார்டுகளை எடுத்து உரக்கப் படிப்பாள்.

"இதைப் பாரேன்டி! 'இரண்டு ஆடு கட்டியிருக்கும் வீட்டுக்கு எதிர் வீடு.' ஆடு செத்துப் போயிடுத்துன்னா இவாளுக்கு அட்ரஸே கிடையாதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். எனக்கு அந்த ஆடுகளைத் தெரியும். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரி வளர்த்தவை. ஒன்றுக்குக் கொம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது என் புடவைத் தலைப்பை மென்று பார்க்கும். சிரித்துவிட்டு, அந்தத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டப்பாவைத் திறப்பேன்.

நான் இருந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பெயரில் மாட்டுங்கா இருக்கிறதே தவிர, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தாராவியோடு ஒட்டிக் கிடக்கிற இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அங்கேதான் அதிகம். தகரக் கூரை, குடும்பத்துக்கு ஒற்றை அறைக் கோலி, குழாயடியில் பொழுதுக்கும் சண்டை, காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம். வேலைக்குச் சேர்ந்த அன்று தோழி என்னிடம், "நீ எங்கேருந்து வரே?" என்று கேட்டாள். "மாட்டுங்கா" என்றேன். பாதி விலாசம். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "அட, நம்ம மாட்டுங்காவா!" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எப்படி வாயைத் திறப்பது?

அதற்குப் பிறகு தினமும் ஒரு நாடகம். சாயங்காலம் இருவரும் ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஒன்றாக வந்து மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்குவோம். அவளோடு கிழக்குப் பக்கம் வெளியே வந்து பூக்கடை வரை நடப்பேன். "நான் கொஞ்சம் காய் வாங்கிண்டு போறேன்" என்று அவள் பாஷையிலேயே சொல்வேன். அவள் தலை மறைந்ததும் திரும்பி வந்து, பாலம் ஏறி, மேற்கே இறங்கி, ரயில்வே ஒர்க்ஷாப் சுவரை ஒட்டி நடந்து வீட்டுக்குப் போவேன். மழைக்காலத்தில் முழங்கால் வரை நனைவேன். அந்தப் பாலத்தின் படிகளைச் சபித்த சாபத்துக்கு அது என்றைக்கோ இடிந்திருக்க வேண்டும்.

ஏரியாவைக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்த விதி சுலபமானது. பம்பாய் ஏரியாப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக மெஷினுக்குக் கொடுப்பது. அது விலாசத்தை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே போகும். பட்டியலில் உள்ள பெயர் எது முதலில் தட்டுப்படுகிறதோ அதன் எண்ணைப் போட்டுவிட்டு நின்றுவிடும். தாதர் என்றால் தாதர். சுனாபட்டி என்றால் சுனாபட்டி. அதற்கு மேல் படிக்காது.

அப்போது தோழி ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"'மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி'ன்னு நிறைய வரதுடி. மாட்டுங்கான்னு போடறதா, தாராவின்னு போடறதா? எங்காத்துப் பக்கம் அப்படி ஒரு எடமே கிடையாதே. உனக்குத் தெரியுமா?"

சூப்பர்வைசரும் என்னைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அடுத்த கேள்வி "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதாகத்தான் இருக்கும்.

"மாட்டுங்காதான்" என்றேன். "முதல்ல வரதுதானே ஏரியா."

தோழி எழுதிக்கொண்டாள். நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பாதி விலாசத்தை அன்றைக்கு மெஷினுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அது என்னைவிட விசுவாசமாக அதைப் பிடித்துக்கொண்டது.

சீட்டுகள் அச்சாகி மெக்கானிக்குகள் கைக்குப் போயின. லேபர் கேம்ப் சீட்டுகள் எல்லாம் மாட்டுங்கா கட்டோடு சேர்ந்தன. சீட்டில் கோலி நம்பர் இருக்கும், மாட்டுங்கா இருக்கும், லேபர் கேம்ப் இருக்காது. பாவம் அந்தப் புது மெக்கானிக். மாட்டுங்காவின் மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கி, வாட்ச்மேன்களிடம் திட்டு வாங்கி, "விலாசம் தவறு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தான். மறுபடியும் அனுப்பினார்கள், மறுபடியும் திரும்பியது. இன்னொரு தடவையும் திரும்பினால் வாடிக்கையாளர் வீடு மாறிப் போய்விட்டார் என்று கருதி பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் சூப்பர்வைசர். திரும்பி வந்த சீட்டுக் கட்டை நான்தான் அடுக்கி வைத்தேன். மேலிருந்து நாலைந்து சீட்டுக்குக் கீழே என் அம்மா பெயர் இருந்தது.

அப்பா தோல் ஷெட்டில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவின் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. என்னைப் படிக்க வைத்ததும் அதுதான். தாதரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் பாவாடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பாள். தீபாவளிக்கு முன்னால் கடைக்காரர் மூட்டை மூட்டையாகத் துணி கொடுத்து அனுப்புவார். அந்த வருஷம் சரியாக அந்த நேரத்தில் மெஷின் மக்கர் பண்ணியது. அடியில் நூல் சிக்கும், ஊசி பாதியில் நிற்கும். வெளியாள் கை வைத்தால் கம்பெனி சர்வீஸ் போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். மெக்கானிக் வருவான் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரரோ, முடியாவிட்டால் சொல்லிவிடு, துணியை வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு தடவை கைமாறினால் அந்த வேலை திரும்பி வராது.

"ஏட்டி, நீ அந்த ஆபீஸ்லதான இருக்க?" என்று தினமும் கேட்பாள். "ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"சொல்லுதேன்" என்பேன். சொல்லவில்லை. சொல்லாமலே சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் பட்டியல் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் மாறாது.

ஒரு நாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாட்டா நானே மெஷினத் தூக்கிட்டு உங்க ஆபீசுக்கு வாறேன். அங்கன எறக்கி வச்சுக் கேக்கேன்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. "அங்க வந்து நின்னு என் மானத்த வாங்காத! எல்லார்ட்டயும் நான் மாட்டுங்கான்னுதான் சொல்லியிருக்கேன்!"

"மாட்டுங்காதான நாம? மாட்டுங்கா லேபர் கேம்ப்."

"லேபர் கேம்ப்னு நான் சொல்லல."

அம்மா கையில் பிடித்திருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நான் சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிளம்பினேன். ஆடு வழக்கம்போலத் தலைப்பை இழுத்தது. அதன் முகத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அதன் மேலாவது கை வைக்க முடிந்ததே.

இரண்டு நாள் கழித்து, மதியத்துக்கு மேல், கீழ்த்தளத்து சர்வீஸ் கவுண்டரிலிருந்து ஆள் வந்தான். ஒரு மதராஸி அம்மா மெஷினோடு வந்து நிற்கிறாள், அவள் ஹிந்தி அரைகுறையாக இருக்கிறது, தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள் என்றான். தோழி எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, நம்ம ஊர்க்காரா." திரும்பி வந்த சீட்டு விவகாரம் என்று தெரிந்ததும் சூப்பர்வைசரும் கூடவே வந்தார். மாடிப்படியில் ஒரு படி பின்தங்கியே இறங்கினேன். யார் என்று தெரிந்துவிட்டது.

கவுண்டருக்கு முன்னால் அம்மா நின்றாள். மெஷினின் தலையைப் பழைய புடவையில் கட்டி இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு, அவ்வளவு இரும்புக் கனத்தோடு, அந்தக் கூட்ட ரயிலில் வந்திருக்கிறாள். ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நல்ல நாளில் உடுத்தும் நீலப் புடவை. முகம் கழுவிப் பொட்டில்லாத நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். என் ஆபீசுக்கு என்று அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம் என்று தோன்றவில்லை. செருப்புப் போடாமல் வந்துவிட்டாளே என்று தோன்றியது.

"எங்கேம்மா வீடு?" என்று கேட்டாள் தோழி.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துத் தோழியிடம் திருப்பினாள்.

"மாட்டுங்கா" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"மாட்டுங்கால எங்கே? மெக்கானிக் ரெண்டு தரம் வந்து தேடிட்டுப் போயிருக்கானே."

சொன்னால் என் குட்டு உடையும், சொல்லாவிட்டால் மெக்கானிக் வரமாட்டான். அம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், உங்களுக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சிருந்தா கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து என்னை ஏட்டி, ஏளா, மூதி என்றே கூப்பிட்ட வாய். சொல்லுங்க. என் அம்மா எனக்கு மரியாதை கொடுத்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

நான் சூப்பர்வைசரிடம் திரும்பினேன். இங்கிலீஷில் சொன்னேன். லேபர் கேம்ப் மாட்டுங்கா இல்லை, ரயிலுக்கு அந்தப் பக்கம், தாராவியோடு சேர்ந்தது, எல்லாச் சீட்டும் தப்பான ஏரியாவில் விழுகிறது என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், நான் அங்கேதான் இருக்கிறேன், இது என் அம்மா என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அப்படியானால் பட்டியலில் மாட்டுங்காவுக்கு முன்னால் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று ஒன்றைச் சேர், முதலில் அதைத் தேடட்டும், தனி எண் கொடு என்றார். கவுண்டர்காரனிடம், அந்த மெஷினை இப்போதே பார் என்றார். பேனாவை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இவ்வளவுதான். இதற்காகவா நான் இத்தனை நாள் பாலம் ஏறி இறங்கினேன்? அவருக்கு அது ஒரு எண். தூ என்று இருந்தது எனக்கு, என்னை நினைத்து.

தோழி அப்படியே நின்றாள். இங்கிலீஷில் நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, உண்மையான பிரியத்தோடு அம்மாவிடம் கேட்டாள்.

"நீங்க இவளோட அம்மாவா?"

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குட்டு உடையப்போகிறது என்று பதறிப்போய், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"ஐயோ, இல்லம்மா! இவங்க எங்க, நான் எங்க? ஒரே சீமக்காரங்கல்லா, அதான் மொகம் ஒரு சாடையா தெரியுது."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தோழி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கோ மாமி" என்று சொல்லி, தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை. அவள் கொடுத்தாள். அம்மா அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ இடம் எங்கே என்று கேட்டாள்.

மெஷினைக் கழற்றி, அடியில் தேய்ந்துபோன கொக்கியை மாற்றி, எண்ணெய் போட்டுக் கவுண்டரிலேயே கொடுத்துவிட்டார்கள். அம்மா மறுபடியும் புடவையில் கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "வாறேன் மேடம்" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மாடியேறி லேபர் கேம்ப்புக்கான வரியை எழுதினேன். எழுத்து பிசகி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்றில் எழுத வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கியதும் தோழி என்னைப் பாலத்தின் பக்கம் கூட்டிப் போனாள். பாலத்துக்குக் கீழே நின்று, "நீ இப்படியே ஏறிப் போயிடு, எதுக்கு அங்கே வரைக்கும் சுத்தறே" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அம்மா மெஷினை ஸ்டாண்டில் மாட்டி உட்கார்ந்திருந்தாள். தாதர் துணி மடியில் இருந்தது. நல்ல வேளை, கடைக்காரர் பாதி மூட்டையைத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். மெஷின் கடகடவென்று ஓடியது. நான் வாசற்படியில் நின்றே சொன்னேன்.

"நான் சொல்லிட்டேம்மா. சார்ட்ட சொல்லிட்டேன், நீதான் எங்கம்மான்னு."

மிதியிலிருந்து காலை எடுத்தாள். "எப்ப?"

"நீ நிக்கும்போதே. இங்கிலீஷ்ல."

முகம் மாறியது.

"அப்ப அந்தப் பிள்ள முன்னால நான்லா பொய்க்காரி ஆயிட்டேன். நல்ல பிள்ள, தண்ணி மோந்து குடுத்துச்சு. அதுட்ட போயி நீ என் வயித்துல பொறக்கலன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்."

"அம்மா" என்றேன். மறுபடியும், "அம்மா" என்றேன்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"இங்கன கூப்பிட்டு என்னத்துக்குட்டி? இங்கன யாரு இருக்கா கேக்கதுக்கு?"